தூக்கினவங்க எலும்பு

எங்கம்மா சுத்திப் பாக்கன்னு ஊர் தாண்டிப் போனது எனக்குத் தெரிஞ்சி ஒரே ஒரு தபாதான். அதுவும் கல்லு பாக்க.

அப்போ நாங்க கொரட்டூர் ஏரிக்கரைல குடியிருந்தோம். நான் அஞ்சாவது படிச்சிகினு இருந்தேன். என் தங்கச்சிக்கு பொறந்ததுலேர்ந்து ரெண்டு காலும் வராது. வாய் மட்டும் நாலு ஆளுக்கு வரும். எங்கம்மா அவள இடது இடுப்புல வச்சிகினேதான் எல்லாம் பண்ணும். தண்ணி புடிக்கும், ரேஷன் கடைல நிக்கும், சர்ச்சுல பாட்டு பாடும். ஏழு வயசுப் பொண்ணு, காலு ரெண்டும் அம்மா முட்டிக்குக் கீழ வரிக்கும் தொங்கும். தெருவுல யாரனா எறக்கி வுடேம்மான்னு சொன்னா தங்கச்சியே பதில் சொல்லிடும். "எறக்கி வுட்டா நீ தூக்கிக்கிறியா ஆயா?"

அந்த வருஷம் ஏரிக்கரை ஊட்டையெல்லாம் இடிக்கப் போறோம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு பதிலா எங்கியோ தூரத்துல ஊடு. மூணாவது மாடி, லிப்ட் கெடையாது. எங்கப்பா பெயிண்ட் அடிக்கற வேலைக்குப் போறவரு. ரொம்ப யோசிச்சிட்டு, தங்கச்சிய ஒரு ஹோம்ல வுட்ரலாம்னாரு. கெட்ட எண்ணத்துல சொல்லல. அங்க கட்டில் கீது, நேரத்துக்கு சோறு கீது, ஞாயித்துக்கெழமைல போயி பாத்துட்டு வரலாம்னாரு. அம்மா வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. மொதல்ல ஒருநாள் வுட்டுப் பாருங்க, புள்ள இருக்குதான்னு தெரிஞ்சிடும்னு ஹோம்ல சொன்னாங்க.

அந்த ஒருநாள்லதான் நாங்க கல்லு பாக்கப் போனோம்.

அம்மா முகப்பேர்ல ஒரு பிளாட்ல ஊட்டு வேல செஞ்சிகினு இருந்துச்சி. அந்த ஊட்டு அக்கா ஐடி கம்பெனி, சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம். அவங்க பையனுக்கு ஸ்கூல்ல ஆதி மனுசன பத்தி ஏதோ பிராஜெக்ட்டு. பூண்டி ஏரிகிட்ட ஒரு மியூசியம் கீது, கார்ல போறோம், நீங்களும் வாங்கன்னு ஒரு பேச்சுக்குக் கூப்ட்டாங்க. அம்மா வரேன்னுடுச்சி. காலைல தங்கச்சிய ஹோம்ல வுட்டுட்டு நானும் அம்மாவும் கார்ல ஏறினோம். எனக்கு ஏசி கார்ன்றதுதான் பெருசு. அம்மா வழி பூரா ஜன்னலயே பாத்துகினு வந்துச்சி.

மியூசியத்துல கண்ணாடிப் பொட்டிக்குள்ள கல்லு கல்லா வச்சிருந்தாங்க. செவுத்துல ஒரு படம். கொரங்கு மாரி குனிஞ்சவன் கொஞ்சம் கொஞ்சமா நிமிந்து, மனுசனாயி நடந்து போறான். நானும் அந்தப் பையனும் அதே மாரி குனிஞ்சி நடந்து சிரிச்சோம். அங்க ஒரு சாரு எல்லாத்தயும் வெளக்கிகினு வந்தாரு. இந்தக் கோடாலிக் கல்லுலாம் பக்கத்துலயே மண்ணுல கெடச்சதாம். லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே இங்க ஆளுங்க இருந்தாங்களாம். அப்புறம் நம்ம மாரி மனுசங்க ஆப்பிரிக்காலேர்ந்து கெளம்பி, தண்ணி எங்க கீதோ கறி எங்க கீதோ அங்க நடந்து நடந்தே ஒலகம் பூரா பரவிட்டாங்களாம். வழிலயே பொறந்து, வழிலயே செத்து.

அந்தப் பையன் என்ன இடிச்சி, உங்கம்மா ஏன் அப்படி நிக்குறாங்கன்னான். திரும்பிப் பாத்தா அம்மா இடது இடுப்ப தள்ளிகினு, கைய வளைச்சிகினு நிக்குது. இடுப்புல ஒண்ணும் இல்ல. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சி.

அப்போதான் அம்மா அந்த சார கேட்டுச்சி. "நடக்க முடியாதவங்கள இன்னா பண்ணாங்க சார்?"

அக்கா லேசா சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. வுட்டுட்டுப் போனவங்களும் இருந்திருப்பாங்கம்மான்னாரு. ஆனா வெளிநாட்டுல ஒரு கொகைல ஒரு ஆளோட எலும்பு கெடச்சிகீதாம். சின்ன வயசுலயே கை காலு வெளங்காம போனவன்னு எலும்பப் பாத்தாலே தெரியுதாம். ஆனா அவன் வயசாயிதான் செத்துகீறான். அப்போ யாரோ அவனுக்குத் தின்னக் குடுத்து, போற எடத்துக்கெல்லாம் தூக்கினு போயிருக்கணும்னாரு.

அத இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்னு அம்மா கேட்டுச்சி. அவரும் சொன்னாரு.

"அவன தூக்கினவங்க எலும்பு கெடச்சிதா?"

"அத எப்படிம்மா கண்டுபுடிக்கறது? தூக்கினவங்க எலும்பும் மத்தவங்க எலும்பு மாரிதானே இருக்கும்."

அம்மா தலைய ஆட்டிச்சி. அதுக்கப்புறம் ஒரு கல்லயும் பாக்கல. வெளிய போயி செருப்ப மாட்டிகினு நின்னு, எப்போம்மா கெளம்புவீங்கன்னு கேட்டுகினே இருந்துச்சி. அந்த அக்காவுக்கு கொஞ்சம் கோவம்தான்.

ஹோமுக்கு நாங்க போனப்போ தங்கச்சி கட்டில்ல சாஞ்சி டிவி பாத்துகினு இருந்துச்சி. அழவே இல்லியாம். அம்மாவப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சி.

"நாளைக்கும் உனக்கு லீவா?"

அம்மா அவள தூக்கி இடுப்புல வச்சிகிச்சி.

அன்னிக்கு சாயங்காலம் ஊட்ல பெரிய சண்ட. படி ஏத்த முடியுமாடின்னு அப்பா கத்தினாரு. அம்மா ஒரே பேச்சுல நின்னுச்சி. "படி இல்லாத எடமா பாத்து போலாம். வந்தா வா. இல்லனா நாங்க போய்க்கறோம்." அம்மாவுக்கு மாடி புடிக்கலன்னுதான் நான் நெனச்சேன். மூணாவது மாடிலேர்ந்து ஊரப் பாக்கலாம்னு ஆசையா இருந்தேன், அது போச்சேன்னு அம்மாகிட்ட பேசவே இல்ல. கடைசில நூம்பல்ன்ற ஊர்ல ஒரு ஷீட்டு கூரை ஊட்டுக்கு வாடகைக்கு வந்தோம். தரையோட கீற ஊடு. அப்பாவும் மொணகிகினே சாமான் வண்டி பின்னாடி வந்தாரு.

அப்புறம் தங்கச்சிக்கு சக்கர வண்டி வந்துச்சி. ஆனா அந்த சின்ன ஊட்டுக்குள்ள அது திரும்பாது, பாத்ரூமுக்குப் போவாது. அங்கல்லாம் அம்மா இடுப்புதான். நான் எட்டாவதோட நின்னுட்டு அம்பத்தூர் எஸ்டேட்ல பேக்கிங் வேலைக்குப் போயிட்டேன். அம்மா ஒரு பக்கமா சாஞ்சி சாஞ்சி நடக்கும். தூரத்துல வந்தாலே தெரிஞ்சிடும். அதோட பொறப்பே அப்படித்தான்னு நெனச்சிகினு இருந்தேன்.

போன மாசம் அம்மா காய்ச்சல்னு படுத்துச்சி, எழுந்துக்கல.

பெட்டில வைக்கும்போது நேரா படுக்கல. எங்க மாமா, அம்மா தோள அமுக்கினா இடுப்பு தூக்குது, இடுப்ப அமுக்கினா தோளு தூக்குது. கடைசில ஒரு பொடவைய மடிச்சி இடது பக்கம் பள்ளத்துல சொருவினாரு. தங்கச்சி வண்டில உக்காந்து பாத்துகினே இருந்துச்சி.

"அது என் எடம் மாமா. அங்க ஒண்ணும் வைக்காத."

மாமா பொடவைய உருவிட்டாரு. சாஞ்ச மேனிக்கே மூடினோம்.

பெருசு பண்ணி மாட்டறதுக்கு போட்டோ தேடினப்போ கல்யாண போட்டோதான் கெடச்சிது. அதுல அம்மா நேரா நிக்குது, அப்பாவ வுட ஒசரமா.

தூக்கினவங்க எலும்பும் மத்தவங்க எலும்பு மாரிதான் இருக்கும்னு அந்த சாரு சொன்னப்போ நானும் பக்கத்துலதான் நின்னேன். அது உண்மைன்னுதான் நெனச்சேன்.