ஒன்பது கிலோமீட்டர் தப்பு

என் கணவர் ஷாரிக், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய சௌக்கத் அலியின் மகன். கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் மென்பொருள் எழுதுகிறார். நல்ல மனிதர்தான். ஆனால் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. போன வருடம் யாரும் கேட்காமலேயே "பிழை என்னுடையது" என்று வாடிக்கையாளருக்கு மெயில் போட்டார். ப்ரமோஷன் பக்கத்து சீட்டுக்காரருக்குப் போனது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பந்தயப் புறா வளர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு, எனக்கு வேலை. கல்மண்டபத்திலிருந்து மணலி புதுநகருக்குக் குடிவந்தபோது, பழைய புறாக்களெல்லாம் பழைய மாடிக்கே திரும்பிவிட்டன. இங்கே பொரித்த ஒரு பெட்டைப் புறாவை நான்தான் வளர்த்தேன். அவர் ஆபீஸ் பஸ் ஏறியதும் கூண்டு கழுவி, தீனி போட்டு, பறக்கவிட்டு, வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது எனக்கு.

பிப்ரவரியில் விஜயவாடாவிலிருந்து விட்ட பந்தயத்தில் அது முதலிடம். கோப்பையில் ஷாரிக் பெயர். பரவாயில்லை, கோப்பை என் வீட்டில்தானே இருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

நான்காம் நாள் அவர் முகம் செத்துப்போயிருந்தது. விட்ட இடத்திலிருந்து அவரவர் மாடி வரையுள்ள தூரத்தை, புறா எடுத்த நேரத்தால் வகுத்து வேகம் பார்ப்பார்கள். அந்தக் கணக்கைப் போட எங்கள் புறாப் பந்தயக் கிளப்புக்குச் செயலி எழுதிக் கொடுத்தவரே இவர்தான். மாடி மாடியாக ஏறி எல்லார் வீட்டு இடத்தையும் செயலியில் சரிபார்த்தவர், தன் வீட்டை மாற்ற மறந்துவிட்டார். இன்னும் தெற்கே தள்ளியிருக்கும் கல்மண்டபம் என்றே இருந்தது. பறக்காத ஒன்பது கிலோமீட்டரையும் புறா பறந்ததாகக் கணக்கு வந்திருக்கிறது.

"யாருக்குங்க தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

இதற்கு மேல் இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை கோப்பையைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போனார். மனசு கேட்காமல் நானும் போனேன். விஷயத்தைக் கேட்டதும் செயலாளர் திருமுருகன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா மாமு நீ! ஒருத்தனும் கேக்கல, நீயா வந்து பேஜாரு பண்ணிக்கினு கீற!"

சரியாகக் கணக்குப் போட்டால் எங்கள் புறா ஐந்தாவது. கோப்பை கொருக்குப்பேட்டை நெல்சனுக்குப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள், இவருடைய நேர்மைக்காம்.

திருமுருகன் புதுப் பட்டியல் எழுத உட்கார்ந்தார்.

"அஞ்சாவதுல என் பேரு வாணாம்ணே, இஷ்ரத்துன்னு எழுதுங்க," என்றார் ஷாரிக். "வளத்தது அவதான். என் பேரப் போட்டுக்கினதும் தப்புதான்."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"நல்லா கீதுங்க உங்க நியாயம்! மொத எடம்னா உங்க பேரு, அஞ்சாவதுன்னா என் பேரா?"