அந்தப் பன்றி யாருங்க?

குழந்தைகளுக்கென்று போட்ட புத்தகத்தைப் பெரியவர்கள் படித்தால் என்ன ஆகும் என்று எங்கள் மலையில் வாழவந்தி நாட்டுக்காரர்களைக் கேளுங்கள். வேறு யாரையும் கேட்க வேண்டாம், என்னையே கேளுங்கள். அந்தப் புத்தகம் விற்றது என் பெட்டிக்கடையில்தான். சோப்புக்கும் முறுக்குப் பாக்கெட்டுக்கும் நடுவில், கண்ணில் படுகிற மாதிரி நானே அடுக்கி வைத்தேன்.

எழுதியது சுகந்தியக்கா. படமும் அவளே. எங்கள் ஊர் பால்வாடியில் அவளுக்கு ஆயா வேலை. சோறாக்க வேண்டும், முட்டை அவிக்க வேண்டும், அழுகிற பிள்ளைகளின் மூக்கைத் துடைக்க வேண்டும். முட்டையைக் கண்டதும் வாயை இறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்காகத்தான் அவள் கதை சொல்லவே ஆரம்பித்தாள். கதை கேட்டால் வாய் திறக்கும், திறந்த வாயில் முட்டை போகும். படமும் காட்டினால் அடுத்த வாயும் போகும் என்று கண்டுபிடித்தபின் கரிக்கட்டியால் சுவரெல்லாம் வரைந்தாள். டீச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சார்ட் அட்டையும் கலர் பென்சிலும் வாங்கிக் கொடுத்து, சுவரை மட்டும் விட்டுவிடும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

அப்படி வந்ததுதான் ‘கரடி வெச்ச விருந்து’. கரடிக்குக் காட்டில் பெரிய பலாப்பழம் ஒன்று கிடைக்கிறது. எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிடுகிறது. பன்றி முதல் பந்தியில் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் பந்தியிலும் உட்காருகிறது. மயில் ஒரு சுளைகூட உரிக்காமல், பலாப்பால் ஒட்டிக்கொள்ளும் என்று தோகையைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கிறது. ஆமை எல்லாம் முடிந்தபின் வந்து, தனக்கு யாரும் சொல்லவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. கடைசியில் கரடி ஆளுக்கொரு பலாக்கொட்டையைக் கொடுத்து நடச் சொல்கிறது, அவ்வளவுதான் கதை. ஒரு காக்கையும் உண்டு. எல்லாப் பக்கத்திலும் கிளையில் உட்கார்ந்து, யார் என்ன செய்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு அங்கே என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சேந்தமங்கலத்தில் ஒரு அச்சகத்தில் சொந்தச் செலவில் அடித்து, பஸ்ஸில் புத்தகக் கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு மலையேறினாள். எந்த வளைவிலும் கீழே இறக்கவில்லையாம்.

பிள்ளைகளின் கருத்து உடனே வந்தது. ஒருத்தி பலாச்சுளைப் படத்தை நக்கிப் பார்த்துவிட்டு இனிக்கவில்லை என்றாள். என் மகன் கோகுல், கரடி சாப்பிடும் முன் கை கழுவியதா என்று கேட்டான். கழுவவில்லை என்று தெரிந்ததும் மேற்கொண்டு கேட்க மறுத்துவிட்டான். சுகந்தியக்கா அன்றைக்கே எல்லாப் பிரதியிலும் கரடிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சொம்பு வரைந்தாள். எழுத்தாளர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

வம்பு பெரியவர்களால் வந்தது. இதில் என்ன வம்பு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எங்கள் ஊரில் ஒருத்தரைத் திட்ட வேண்டுமென்றால் பெயரைச் சொல்லித் திட்டுவது கிடையாது. அது மரியாதைக் குறைச்சல். அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று நம் கோழியைக் கூப்பிட்டு, ‘அடுத்தவ காட்டுல மேஞ்சுட்டு இங்க வந்து கொக்கரிக்கறயா’ என்று கேட்டால் போதும். கோழிக்கு ஒன்றும் புரியாது. புரிய வேண்டியவருக்குப் புரிந்து, அவர் தன் ஆட்டைக் கூப்பிட்டுப் பதில் சொல்லுவார். இந்த ஜாடைப் பேச்சில் சுகந்தியக்காவை அடிக்க ஆளில்லை. அவள் கோழிகள் வாங்கிய வசவுக்கு வேறு கோழியாக இருந்தால் முட்டையிடுவதை நிறுத்தியிருக்கும். அப்பேர்ப்பட்டவள் ஒரு புத்தகம் நிறைய மிருகங்களை வரைந்து வைத்தால் சும்மா விடுவார்களா? பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, ‘அந்தப் பன்னி யாருங்க?’ என்பதுதான்.

செங்கோடன் மாமா கடைக்கு வந்து, டீயைக் குடித்தபடி பன்றிப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். போன கெடா வெட்டில் அவர் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்ததை ஊரே பார்த்திருக்கிறது. பன்றியின் இடது காது ஓரத்தில் ஒரு கிழிசல். மாமாவின் இடது காதும் அப்படித்தான், சின்ன வயதில் நாய் கவ்வியது. துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் அவர் சம்சாரம் வந்து, அண்ணன் தம்பி வீடுகளுக்குக் கொடுக்க வேண்டுமென்று ஒரு கத்தைப் புத்தகம் வாங்கிப் போனாள்.

அத்தாயிக்குக் கோபமே இல்லை. காட்டு வேலைக்கும் பட்டுக்கரைச் சேலையில் வருகிறவள் அவள். மயிலைப் பார்த்துப் பூரித்துப் போய், தோகையை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்று மட்டும் குறைப்பட்டாள். ஜீப் ஓட்டும் அர்த்தனாரி ஆமைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இனி சுகந்தி வீட்டு மிளகு மூட்டை தன் வண்டியில் ஏறாது என்றார். அதைச் சொல்லவும் தாமதமாகத்தான் வந்தார்.

எல்லாரிடமும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். ஏனுங்க, அது பிள்ளைகளுக்கு எழுதின கதைங்க, யாரையும் சொன்னது இல்லீங்க. சுகந்தியக்காவும் தலையிலடித்துச் சத்தியம் செய்தாள். நானும் நம்பினேன்.

இவர்கள் கோபமெல்லாம் சுகந்தியக்காவுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளை உலுக்கியது பெருமாயக்கா பேச்சை நிறுத்தியதுதான். பக்கத்துக் காட்டுக்காரி. சுகந்தி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருசத்திலிருந்து இருவருக்கும் கைமாற்று வேலை. இவள் மிளகுக்கு மரமேறினால் அவள் ஏணி பிடிப்பாள், அவள் ஏறினால் இவள் பிடிப்பாள். எங்கள் ஏணி ஒற்றை மூங்கில், கணுவில் விட்ட கட்டைதான் படி. கீழே பிடிக்கிறவர் கை நம்பிக்கையானதாக இல்லாவிட்டால் யாரும் கால் வைக்க மாட்டார்கள். புத்தகம் வந்த மறுநாள் பெருமாயக்கா ஒரு பிரதியை வாங்கிப் போனாள். அதற்கப்புறம் எதிரில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோழியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

மிளகுச் சரத்தில் சிவப்புக் கண்டுவிட்டது. குருவி தின்றது போக மீதி உதிர ஆரம்பித்தது. வேறு யாரையாவது ஏணி பிடிக்கச் சொல்லேன் என்று சுகந்தியக்கா புருசன் கருப்பண்ணன் சொல்லிப் பார்த்தார். மிளகு போனால் போகட்டும், பெருமாயி இல்லாமல் தனக்கு ஆகாது என்று அவள் அழுதே விட்டாள். பன்றி குண்டாக இருக்கிறது, பெருமாயியும் குண்டு, அதுதான் புண்பட்டுவிட்டது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பாவி, கொஞ்சம் ஒல்லியாக வரைந்திருக்கக்கூடாதா என்று நானும் என் பங்குக்குத் திட்டினேன்.

கடைசியில் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். வாழ்க்கையில் நான் ஏணி பிடித்ததே இல்லை. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மூங்கிலைச் சாத்தி அவள் ஏறினாள், நான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். மூங்கில் ஒரு பக்கம் வழுக்கியது. அடுத்த நொடி என்னை யாரோ இடுப்பில் இடித்துத் தள்ளினார்கள். பெருமாயக்கா! வேலியைத் தாண்டி எப்போது வந்தாளோ தெரியாது. காலை ஏணிக்கடியில் அண்டக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்காமல் நின்றாள்.

ஏணி அசையாமல் நின்றதிலேயே சுகந்தியக்காவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மேலேயிருந்து, “அந்தப் பன்னி நீ இல்ல, பெருமா” என்றாள்.

“பன்னி நானில்லீன்னு எனக்குத் தெரியாதா? அது செங்கோடன். மயிலு அத்தாயி. ஆமை அந்த ஜீப்புக்காரன். நான் எங்கடி?”

“எங்கன்னா?”

“ஒவ்வொரு பக்கமா தேடிப் பாத்தேன். மரத்துக்குப் பொறத்தாண்டகூட இல்ல. ஊருல இருக்கறவனெல்லாம் உம்பொஸ்தகத்துல இருக்கறான். இத்தன வருசம் உன்ற ஏணியப் புடிச்சவ ஒரு நத்தையாக்கூடவா இருக்கக் கூடாது?”

ஒரு வாரமாக ஊரே ‘என்னை ஏன் போட்டாய்’ என்று குதிக்கிறது, இவள் ‘என்னை ஏன் போடவில்லை’ என்று சோறு இறங்காமல் கிடந்திருக்கிறாள்.

“ஏ புள்ள,” என்றாள் சுகந்தியக்கா. “மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாதவங்களத்தானே கோழியச் சாக்கு வெச்சுச் சொல்றோம். உங்கிட்ட ஒண்ணு சொல்றதுக்கு எனக்கு எதுக்குடி கோழி?”

பெருமாயக்கா அண்ணாந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து, முகமெல்லாம் சிரிப்பானது. எனக்கும் அழுகை வந்தது. வந்த அழுகை பாதியிலேயே நின்றுவிட்டது. சொன்னதை இன்னொரு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அப்படியென்றால் மற்றவர்களெல்லாம்? அந்தக் காது? அந்தத் தோகை? தலையிலடித்துச் செய்த சத்தியம்?

சுகந்தியக்காவுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மிளகுச் சரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கோகிலா, நீ எதும் கேக்கலீல்ல?”

“ஒண்ணும் கேக்கலீங்கக்கா” என்றேன்.

சொன்ன வாக்கை நான் காப்பாற்றினேன், சாமி சத்தியமாக. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் பெருமாயக்கா அன்று சாயங்காலமே குளித்து, நல்ல சேலை கட்டி, புத்தகத்தோடு கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டீ குடிக்க வருகிறவர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டிக் காட்டினாள். செங்கோடன் மாமாவுக்கும் காட்டினாள், துண்டை அவிழ்த்துவிட்டு நன்றாகப் பார்க்கச் சொல்லி.

“பாத்தீங்களா?” என்றாள். “இதுல நான் எங்கயுமே இல்லீங்க.”