உப்புக்கண்டம் தின்னலாமா?

வெயிலுமுத்து இப்போதெல்லாம் கறிக்கடைக்குப் போவது கறி வாங்க அல்ல, கேள்வி கேட்க. விளாத்திகுளம் கடைவீதியில் லிங்கராஜ் தொடைக்கறியைக் கட்டையில் வைத்துக் கத்தியை ஓங்கும் நேரம் பார்த்து, "ஏ லிங்கராஜு, உப்புப் போட்டுக் காயவச்சாலே அது பதப்படுத்தின கறிதானா?" என்பார்.

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியளா அண்ணாச்சி? வெயில்ல காயுத கறிய எவன் பதப்படுத்துதான்? டவுன்ல டப்பாவுல விக்கான்லா, அதச் சொல்லுதாவ."

கேட்டதும் முகம் தெளியும். பஸ் ஏறுவதற்குள் மறுபடி இருண்டுவிடும்.

கொஞ்சம் கரிசல்காடு, அதில் மானாவாரி மிளகாய் வத்தல். இதுதான் அவர் பிழைப்பு. கோவில்பட்டி கமிஷன் கடைக்கு மூட்டை கொண்டுபோனால் அங்கேயும் இதே பேச்சுதான். அவருடைய செல்போனில் ஒரு டாக்டர், உப்புப் போட்டது, புகை போட்டது எல்லாமே குடலுக்கு ஆகாது என்கிறார். அடுத்தவர், நம் முன்னோர் தின்றதெல்லாம் அமிர்தம் என்கிறார். மூன்றாவது ஆள் டாக்டரா என்பது தெரியவில்லை, கோட்டு மட்டும் போட்டிருக்கிறார். சோற்றை நிறுத்திவிட்டுக் கறியாகவே தின்னச் சொல்கிறார். மூன்று பேரையும் நம்பிவிடுவதுதான் இந்த மனிதரிடம் உள்ள கோளாறு. முதலில் உப்புக்கண்டம் போயிற்று. பிறகு ஆட்டுக்கறி, கருவாடு. இப்போது முட்டையும் சந்தேகத்தில் இருக்கிறது. "எதத் தின்னா பயமில்லன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கானே" என்று கம்பஞ்சோற்றின் முன் உட்கார்ந்து புலம்புவார். பிறகு, பாவம், மோரை விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்து போவார்.

இந்தப் பயத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர் அண்ணன் மணிராஜ். கோயில் கொடைத் திருவிழா முடிந்ததும் மிஞ்சிய கிடாக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயப்போடுவது அந்த வீட்டு வழக்கம். மழைக்காலம் முழுக்க அதைச் சுட்டுத் தின்பதில் மணிராஜை மிஞ்ச ஆள் கிடையாது. குடலில் புற்று என்று மதுரையில் சொன்னபோது காலம் கடந்திருந்தது. உப்புக்கண்டம் தின்றே செத்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ரத்தம் போவதை மூலச்சூடு என்று சொல்லி, வெந்தயமும் மோருமாக அவர் ஒரு வருஷத்தை ஓட்டியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தம்பியும் பேசுவதில்லை.

தம்பியிடம் இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வெள்ளைப் பீங்கான் வைத்த கக்கூஸ் உண்டு. அவரே முன்னின்று கட்டியது. தை மாதத்திலிருந்து அதில் கால் வைப்பதில்லை. தண்ணீர் பாட்டிலோடு உடைமரக் காட்டுக்கு நடக்கிறார். "உள்ள ஒக்காந்தா மூச்சு முட்டுது" என்பது வீட்டுக்காரி பாண்டிச்செல்விக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. பீங்கானில் சிவப்பாகத் தெரிந்தது. கரிசல் மண்ணில் தெரியவில்லை. வத்தல் காட்டுக்காரனுக்குக் காரம் கொஞ்சம் கிழிக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

போன வாரம் ஊருக்கு வந்த நர்ஸ் கிருஷ்ணவேணியையும் அவர் விடவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"உப்புக்கண்டமும் பதப்படுத்தின கறியில சேர்த்திதான் அண்ணாச்சி. அடிக்கடி திங்காதீங்க, அம்புட்டுதான். கொடைக்கு ரெண்டு துண்டு தின்னதுக்கு இப்படிப் பயப்படவும் வேண்டாம். அத விடுங்க. கூடப் பொறந்தவியளுக்கு இருந்திருக்கு. ஒங்களுக்கு வெளிக்கிப் போகையில ரத்தம் கித்தம் போகுதா? போனா ஆஸ்பத்திரியில கொழாய் விட்டுப் பாக்கணும். சீக்கிரம் பாத்தா சரியாக்கிரலாம்."

ஊரையே கேள்வி கேட்டவரிடம் முதல்முறையாக ஒருத்தி திருப்பிக் கேட்டுவிட்டாள். பக்கத்தில் பாண்டிச்செல்வி சுளகில் வத்தல் புடைத்தபடி நின்றாள்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி" என்று மென்று முழுங்கினார். அப்புறம், "முட்டை திங்கலாம்லா?" என்றார்.

மறுநாள் விடிந்ததும் பாட்டிலோடு கிளம்பியவர், தொழுவத்தைத் தாண்டி, உடைமரங்கள் தெரியும் இடத்தில் நின்றுவிட்டார். அண்ணனும் இந்தப் பாதையில்தான் போய்வந்தார். பிறகு வீட்டுக்குத் திரும்பி, கக்கூஸ் கதவைத் திறந்து உள்ளே போனார்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த பாண்டிச்செல்விக்குக் குரல் கேட்டது.

"ஏட்டி செல்வி... இங்கன கொஞ்சம் வா."

ஓடிப்போய்ப் பார்த்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. வெயிலுமுத்து வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி சுவரோரம் ஒதுங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார். மறு கையில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அதைப் பீங்கானில் அவர் இன்னும் ஊற்றவில்லை.