சட்டைக் கைக்குள் போன ஏலக்காய்

என் இடது கை முழங்கையோடு நின்றுவிடும். பிறவியிலேயே அப்படித்தான். இப்போதெல்லாம் குமுளி ரிசார்ட்டுகளில் மேஜிக் காட்டும்போது முதலில் அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். பத்து வயதில் எனக்கு வேறு கணக்கு இருந்தது.

அப்போது குமுளிக்குப் பக்கத்தில் சக்குபள்ளத்தில் இருந்தோம். அம்மாவும் பெரியம்மாவும் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலை பார்த்தார்கள். ஸ்டோர் முற்றத்தில் ஓணக் கொண்டாட்டம் வந்தது. மேஜிக் செய்யப்போகிறேன் என்றதும் அம்மா முகம் மாறிவிட்டது.

"மேடையில ஒன்னயப் பாத்து நாலு பேரு பாவம்னு உச்சுக் கொட்டுவாக. என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியாதுத்தா."

ஒருத்தர் அப்படிச் சொன்னாலும் மேஜிக்கையே விட்டுவிடுகிறேன் என்று சவால் விட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு!

அம்மாவின் போனில் வீடியோ பார்த்துத்தான் வித்தை பழகினேன். அதில் வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு கை, பாவப்பட்ட ஜென்மங்கள். எனக்கு அதைவிட வசதி. இடது கையைத் தூக்கினால் போதும், மரியாதை தெரிந்தவர்கள் எல்லாரும் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தச் சட்டைக் கைக்குள் யானையையே ஒளித்துவைக்கலாம்.

அன்று வலது உள்ளங்கையில் ஒரு ஏலக்காயை வைத்துக் காட்டினேன். மந்திரம் முணுமுணுத்து, குட்டைக் கையால் ஒரு தடவு தடவினேன். காய் சட்டைக் கைக்குள் நழுவிவிட்டது. உள்ளங்கை காலி! கைதட்டல் பறந்தது. பிறகு பாவாடைப் பையிலிருந்து நைசாக இன்னொரு காயை எடுத்து, முன்வரிசையில் இருந்த ஒரு மாமாவின் காதிலிருந்து பிடுங்குவதுபோல் பிடுங்கி உயர்த்திக் காட்டினேன்.

வேறு எந்த ஊரிலும் அது செல்லுபடியாகியிருக்கும். நான் காட்டியதோ, நாள் முழுக்கக் காய் பொறுக்குகிற பொம்பளைகளிடம்.

"ஏ புள்ள, நில்லு!" பெரியம்மா எழுந்துவிட்டாள். "போனது எட்டு எம்.எம். பச்சக்காயி. வந்தது வெளுத்த காயி. யாருகிட்ட ஏமாத்துற?"

ஆமா ஆமா என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பெரியம்மா விறுவிறுவென்று மேடையேறி, கொஞ்சமும் கூசாமல் என் இடது சட்டைக் கைக்குள் விரலை விட்டுத் துழாவி, பச்சைக்காயை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "கள்ளி! சரியான கள்ளி!" என்று முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. மலையாளத்து சூப்பர்வைசர், "எடீ பயங்கரீ!" என்று மெச்சிக் கத்தினார். அம்மாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்த அம்மா, ஒரே அளவில் ஒரே பச்சையில் இரண்டு காய்களை என் கையில் வைத்தாள். "அடுத்த தடவ இத வச்சு செய்யி," என்றாள்.

தோற்றுப்போனவளுக்கு எதற்கு அடுத்த தடவை என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. கூட்டத்தில் கேட்ட ஒவ்வொரு சொல்லையும் அம்மா காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்ததும், அவள் பயந்த அந்த ஒரு சொல் மட்டும் யார் வாயிலும் வராமலே போனதும் அந்த வயதில் எனக்கு உறைக்கவே இல்லை.