பிரமிளா கேமராவைக் கடலுக்குள் கொண்டுபோன கதை

பிரமிளாவுக்கு நீச்சல் வந்தது ஐம்பத்திரண்டு வயதில். பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் பிறந்து, கல்யாணமாகி எதிரே இருக்கும் தீவுக்கு வந்து, பாதி ஆயுளைக் கடலுக்குப் பக்கத்திலேயே கழித்தவள். ஆனாலும் கணுக்காலுக்கு மேல் கடல் அவளைத் தொட்டதில்லை. முழங்கால் வலிக்குப் பார்த்த டாக்டர்தான், "நீந்துங்க அக்கா, இல்லாட்டி மாத்திரையே கதின்னு இருங்க" என்று சொல்லிவிட்டார். மாத்திரையைக் கண்டாலே பிரமிளாவுக்கு ஆகாது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கூட வேலை பார்க்கும் ஐனாவும் சேர்ந்துகொள்ள, ஞாயிறு காலைகளில் இருவரும் நீச்சல்குளத்துக்குப் போனார்கள். முதல் மாதம் பிரமிளா குளத்துக் கம்பியை விடவே இல்லை. பிறகு விட்டாள். அப்புறம் மிதந்தாள். ஒரு வருடத்தில், முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயுமாக, ஐனாவோடு பாயார் தீவுக்குப் படகேறிப் போகும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அன்று அவள் பார்த்ததை எல்லாம் வீட்டில் வந்து கொட்டினாள். பச்சையும் ஊதாவுமாக ஒரு மீன் பவளப்பாறையைக் கொறித்ததாம். அந்தச் சத்தம்கூடக் கேட்டதாம். கணவர் லோகேஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"மீன் கடிக்கிற சத்தமா? மீன் பாசார்ல பாக்காத மீனையா பாத்துட்டே? தலையை முக்கியிருக்க மாட்டே லா, பிரமி. படகுல உக்காந்து கதை விடுறே."

பிரமிளா கைப்பேசியை எடுத்து எதையோ தேடத் தொடங்கினாள். அவள் இப்படித் தேடத் தொடங்கினால் ஏதோ செய்யப்போகிறாள் என்று லோகேஸ்வரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் பழைய கையடக்கக் கேமரா ஒன்று இருந்தது. அதே மாடலுக்கென்று செய்த, தண்ணீர் புகாத கண்ணாடிப் பெட்டி ஒன்றை யாரோ இணையத்தில் விற்பதைப் பார்த்து வாங்கிவிட்டாள். உள்ளங்கை இரண்டையும் நிறைக்கும் தடித்த பெட்டி. ஓரத்தில் ஒரு கொக்கி. மூடியைச் சுற்றி நீல நிற ரப்பர் வளையம். அந்த வளையம்தான் பெட்டியின் உயிர்.

கேமராவை உடனே உள்ளே வைக்க அவள் மடைச்சி இல்லை. காலிப் பெட்டிக்குள் டிஷ்யூ தாள் ஒன்றை மடித்து வைத்து, மூடி, குளியலறை பக்கெட்டில் அமுக்கிப் பிடித்தாள். குமிழி ஒன்று எழுந்தது, பின்னாலேயே இன்னொன்று. திறந்தபோது தாளின் ஒரு மூலை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வளையத்தை விரலால் தடவினால், அவளுடைய தலைமுடி ஒன்றே ஒன்று குறுக்கே கிடந்தது.

"ஒரு முடிக்கே இந்தப் பாடா!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கூந்தலை இழுத்துக் கட்டிக் குளியல் தொப்பியையும் மாட்டினாள். வளையத்தைக் கழற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்து, பெட்டியோடு வந்த கிரீஸைப் பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் தடவி, முறுக்கில்லாமல் அதன் பள்ளத்தில் பதித்தாள். மறுபடி பக்கெட். இந்த முறை தாள் மொடமொடவென்று இருந்தது.

அடுத்தது கேமரா. கைப்பட்டையை அவிழ்த்து எடுத்தாள். அது மூடியில் மாட்டினாலும் தண்ணீர் புகும். உள்ளே வைத்துக் கொக்கியை அழுத்தினாள். கொஞ்சம் இறுக்கமாகத்தான் பூட்டிக்கொண்டது. பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கக் கேமராவை முடுக்கியதும், அவள் எதையும் தொடாமலே அது படம் எடுக்கத் தொடங்கியது. டிக், டிக், டிக், டிக்.

"என்னாங்க! இங்க வாங்க! கேமராவுக்குப் பேய் பிடிச்சிருச்சு!"

லோகேஸ்வரன் ஓடிவந்து பார்த்தார். குளியல் தொப்பியோடு மனைவி. அவள் தாடையைப் படமாக எடுத்துத் தள்ளும் கேமரா. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிரமிளா பெட்டியைத் திறந்து கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் தடித்த துணி டேப் ஒட்டி, அதன் மேல் 'லோகேஸ்வரன்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்க்கும் மனிதர் அவர். வீட்டில் குடையிலிருந்து குக்கர் வரை எல்லாவற்றிலும் பெயர் ஒட்டி வைத்திருப்பார். அந்த டேப்பின் கனத்தில் கேமரா எம்பி, மேலே இருக்கும் பொத்தான் பெட்டியின் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.

"பேய் யாருன்னு தெரிஞ்சிருச்சு" என்று காட்டினாள். சிரிப்பு நின்றது. அவரே முடி உலர்த்தியைக் கொண்டுவந்து, சூடு காட்டி, டேப்பை உரித்துக் கொடுத்தார். இப்போது கேமரா பெட்டிக்குள் அசையாமல் உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒரு டிக்.

உரித்த வருத்தமோ, ஆர்வமோ, "நானும் வர்றேன்" என்றார் லோகேஸ்வரன். "பாக்கத்தான். எறங்க மாட்டேன்."

போகிற அன்று ஏர்கான் ஓடும் படுக்கையறையில், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றையும் உள்ளே செருகிப் பெட்டியை மூடினாள். வெளிக்காற்றின் புழுக்கம் உள்ளே போனால் கடலுக்குள் கண்ணாடி மங்கிவிடும். கோலக் கெடா படகுத்துறையில் லோகேஸ்வரன் கை நீட்டினார்.

"தெற கொஞ்சம், படகை ஒரு போட்டோ எடுப்போம்."

"தொட்டீங்க, அப்புறம் நடக்கறதே வேற. கைப்பேசியில எடுங்க."

தீவில் இறங்கியதும் பிரமிளாவும் ஐனாவும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். பிரமிளா முதலில் பெட்டியை மட்டும் அமுக்கிப் பார்த்தாள். குமிழி இல்லை. தலையை முக்கினாள். கீழே அதே பச்சை ஊதா மீன், பாறையை நறநறவென்று கொறித்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்து, மூச்சுக்குழாயில் உப்புத் தண்ணீர் ஏறி, இருமி, மறுபடி முக்கி, எடுத்தாள்.

லோகேஸ்வரனுக்குக் கரையில் இருப்புக்கொள்ளவில்லை. கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் வந்து நின்று கத்தினார்.

"பிரமி! ரொம்பத் தூரம் போகாதே லா! இங்க வா! இங்க மீனே கிடையாது, பயமில்லாம இருக்கு!"

அவர் பக்கம் நீந்தி வந்த பிரமிளா தண்ணீருக்கடியில் பார்த்தாள். கணவரின் இரண்டு கால்கள். அவற்றைச் சுற்றி, முழ நீளத்தில், முதுகுத் துடுப்பின் நுனியில் கறுப்பு மை தொட்டாற்போல மூன்று சுறாக்குட்டிகள். கடிக்கிற ஜாதி இல்லை என்று படகுக்காரர் முன்பே சொல்லியிருந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். எழுந்து நின்று, "ஆமாங்க, ஒண்ணுமே இல்லை" என்றாள்.

வீடு திரும்பியதும் படம் பார்க்க அவர் துடித்தார். பிரமிளா விடவில்லை. பெட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போக அலசி, துண்டால் ஒற்றி, தன் தலையையும் ஒருமுறை துவட்டிக்கொண்ட பிறகே கொக்கியை எடுத்தாள். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. பாதிப் படங்களில் அவளுடைய விரல்; மீதியில் வெறும் நீலம். ஆனால் கொறிக்கும் மீன் பல் தெரிய விழுந்திருந்தது. அதற்கடுத்த படத்தை லோகேஸ்வரன் கண்ணருகே கொண்டுபோனார்.

"இது யார் காலு?"

"நல்லாப் பாருங்க. டேப் ஒட்டலை, அதனால பேர் தெரியலை."

"ஐயோ! ஐயோ பிரமி! சுறா! சொல்லக் கூடாதா லா!"

"சொல்லியிருந்தா ஆடாம நின்னிருப்பீங்களா? படம் இவ்வளவு தெளிவா வந்திருக்குமா?"

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மறுபடி பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். கோலாலம்பூரில் இருக்கும் மகள் ஷர்மினிக்கு அனுப்பச் சொன்னார். திங்கட்கிழமை அந்தப் படம் பிறைத் தொழிற்சாலை முழுக்கச் சுற்றிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் காலைப் பசியாறப் போன இடத்தில், ரொட்டி சானாய் போடும் சீனி முகம்மதுவிடம் லோகேஸ்வரன் கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆறேழு சுறா, பாய். ஒவ்வொண்ணும் இவ்வளவு நீளம். நான் அசையவே இல்லை."

"தைரியம்தான் அண்ணே" என்றார் சீனி முகம்மது, மாவை விசிறியபடி.

பிரமிளா தே தாரிக் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். திருத்தலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அவர் கைகளை இன்னும் அகலமாக விரிப்பதைப் பார்த்து, இன்னொரு ரொட்டிக்குச் சொன்னாள்.