முகம் மாறாத திருடன்

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வந்தது. சாமுவேல் அண்ணன் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா பேசினார். “அவிய தவறிட்டாவ தம்பி. காலையில கதவே தெறக்கல. போன்ல ஒங்க நம்பர்தான் மேல இருந்துச்சு.” நான் அவருக்கு உறவில்லை. ஆனாலும் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

அடக்கத்துக்கு வந்த உங்களில் பலர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றே நினைத்திருப்பீர்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வணக்கம் வைத்தால் பாதி நாள் பதில் வராது. அவர் எடுத்த அனிமேஷன் படத்துக்கு ஒலி சேர்க்கப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் ஹெட்போனில் இடப்பக்கம் சத்தம் வராதது தெரியாமல் அவரிடம் கொடுத்துவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். அவருடைய இடது காது அறவே கேட்காது என்பது அன்றுதான் தெரிந்தது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“காது கேக்காதுன்னா பாவம்னு சொல்லுவாவ. திமிர்னு நெனச்சா வெலகிப் போயிருவாவ. எனக்கு ரெண்டாவதுதான் சுளுவு.”

அவருடைய படமும் இப்படிப்பட்ட ஒரு தப்புக் கணக்கைப் பற்றியதுதான். மலையடிவார ஊர் ஒன்றில் ஆடுகள் காணாமல் போகின்றன. முகத்தில் தழும்புள்ள ஒரு வெள்ளை நாய்மேல் பழி விழுகிறது. ஊரார் அதைக் கல்லால் அடித்து விரட்டுகிறார்கள். ஆட்டைத் திருடியவனோ எல்லோருக்கும் பிடித்துப்போன, சிரித்த முகமுள்ள ஓர் அழகன்.

பணம் போட ஒத்துக்கொண்ட வியாபாரி பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு மாற்றம் கேட்டார். பிடிபடும்போது திருடனின் முகம் கோரமாக மாற வேண்டும்; அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும் என்றார். அண்ணன் மறுத்துவிட்டார். “கெட்டவன் கடைசி வரைக்கும் அழகாத்தான் இருப்பான். மூஞ்சி காட்டிக் குடுத்துரும்னு பிள்ளையள்ட்ட பொய் சொல்லக் கூடாது.” வியாபாரி விலகிக்கொண்டார். மீதிப் படத்தை அண்ணன் ஒற்றை ஆளாக, அந்த வாடகை அறையில் வருஷக்கணக்காக வரைந்தார். வாங்கி வெளியிட யாரும் வரவில்லை.

அது திரையில் ஓடியது ஒரே ஒரு முறை, ராஜபாளையத்தில் ஒரு சர்ச் ஹாலில், கோடை விடுமுறைப் பிள்ளைகளுக்காக. திருடன் பிடிபட்டதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். அவன் அப்போதும் அழகாகவே சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் கைதட்டல் அடங்கிவிட்டது. படம் முடிந்ததும் தளவாய்புரத்துச் சிறுமி ஒருத்தி அவருடைய வலப்பக்கமாக வந்து நின்று, அந்த நாயிடம் ஏன் யாருமே மன்னிப்புக் கேட்கவில்லை என்றாள்.

அண்ணன் அவள் உயரத்துக்குக் குனிந்தார். பிறகு சொன்னார்: “கேக்கணும்னு அவியளுக்குத் தோணல பாப்பா. அதுவும் எதிர்பாக்கல.”

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கையசைத்தேன். அவர் பார்க்கவில்லை.

படத்தில் அந்த நாய்க்கு வசனம் கிடையாது, மூச்சு மட்டும்தான். அதை அண்ணனே மைக் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தார். அடக்கம் முடிந்து வந்த அன்று அந்த மூலப் பதிவைப் போட்டுக் கேட்டேன். மலையேறிக் களைத்த ஒரு நாயின் மூச்சு. நடுவில், படத்துக்காக நான் நீக்கியிருந்த பகுதி ஒன்று வந்தது. “செத்த இரு தம்பி, தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்கிறார். நாற்காலி நகர்கிறது. அப்புறம் வெறும் அறையின் சத்தம்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான். அதில் எதையும் இனி வெட்ட மாட்டேன்.