ரெண்டு கை பார்த்தேன்

கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். என் மனைவியும் முதலில் சிரித்தவள்தான். அன்று ராத்திரி லேப் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினேன். நடுவிலேயே எழுந்து போய் எல்லா விளக்கையும் போட்டாள்.

நான் ஒரு பொறியியல் கல்லூரி லேபில் வேலை பார்க்கிறேன். எங்கள் மாணவர்கள் யாரும் கல்லூரிக்கு வருவதில்லை. உலகம் முழுக்க, அவரவர் பிழைக்கப் போன ஊரிலிருந்தே இணையத்தில் படிக்கிறார்கள். மெஷின் இங்கே, பட்டன் அங்கே. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே நான் கான்கிரீட் கட்டியை வைப்பேன். அவர்கள் அங்கிருந்து இயக்குவார்கள். மேல்தகடு இறங்கும், கட்டி உடையும், எத்தனை டன் தாங்கியது என்று குறித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பகல் என்றால் எனக்கு நடுராத்திரி. என் தலையெழுத்து!

லேபில் ஒரு சட்டம் உண்டு. கட்டியை வைத்ததும் நான் இரண்டு கைகளையும் கேமராவுக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். மாணவர் "ரெண்டு கை பார்த்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டன்.

ஒருவனுக்கு நான் வைத்த பெயர் நைட் ஷிப்ட். எங்கோ ஒரு தொழிற்சாலையில் தகரம் அழுத்தும் மெஷினில் ராத்திரி வேலை. முடிந்ததும் உடை மாற்றும் அறையிலேயே உட்கார்ந்து, போனில் வகுப்புக்கு வருவான். கேமரா மட்டும் போடவே மாட்டான். கெட்டிக்காரன். ஆனால் லேபுக்கு மூன்று தடவை மட்டம் போட்டான். கேட்டால் ஓவர்டைம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"செவ்வாய்க்கிழமை, நம்ம ஊர் நேரம் ராத்திரி 2.10. அதுதான் கடைசி. ஒரு நிமிஷம் லேட்டானாலும் ஃபெயில் போட்டுருவேன். ஒரு வருஷம் போச்சுன்னு வச்சுக்கோ."

"வந்துடுவேன் சார். எப்படியும் வந்துடுவேன்."

செவ்வாய்க்கிழமை. சரியாக 2.10.

டிங்.

வந்துவிட்டான். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

"பரவாயில்லையே, கடிகாரம் பார்க்கக் கத்துக்கிட்டியா?"

வழக்கமாக அவன் பின்னால் மெஷின்கள் இரைந்துகொண்டே இருக்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. மூச்சு விடும் சத்தம்கூட...

கட்டியை வைத்தேன். விலகி நின்று கைகளைத் தூக்கினேன்.

"ம், சொல்லுப்பா."

"மூணு கை தெரியுது சார்."

"தூக்கக் கலக்கமா? நல்லா பாரு."

"மூணு சார்."

2.14. லேபில் நான் மட்டும்தான். கதவை உள்பக்கம் நானே பூட்டியிருந்தேன். இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"என்ன விளையாட்டா?"

"தகட்டுக்கு நடுவுல ஒண்ணு இருக்கு சார்."

மெஷினைப் பார்த்தேன். கட்டி மட்டும்தான் இருந்தது.

பிறகு எதிரே இருந்த திரையைப் பார்த்தேன். கேமரா எடுக்கும் படம் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டியின் மேல் ஒரு கை.

வலது கை. நீலக் கையுறை. ஆள்காட்டி விரல் நுனியில் கிழிசல். மணிக்கட்டுக்கு அப்பால்... ஒன்றுமே இல்லை.

தூக்கிய கைகளை இறக்க எனக்குப் பயமாக இருந்தது.

"சார்... எடுக்கச் சொல்லுங்க சார். யாராவது சொன்னாத்தான் எடுக்க முடியும்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

"கை... கையை எடுப்பா..."

விரல்கள் அசைந்தன.

மெதுவாக...

பின்னால் நகர்ந்து...

காணவில்லை.

"ரெண்டு கை பார்த்தேன்."

தகடு இறங்கியது.

டமார்!

2.21. அவன் வெளியேறிவிட்டான். உடைந்த கட்டி கிடந்தது. அளவு அவன் கணக்கில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. 'பாஸ்' போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

காலை 9.40. போன். நைட் ஷிப்டின் அக்கா.

"சார்... தம்பி போயிட்டான் சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஷிப்ட் முடியுற நேரமாம். கிளாஸுக்கு லேட்டாயிடும், சார் ஃபெயில் போட்டுருவார்னு பறந்திருக்கான். கையை எடுக்கறதுக்குள்ள மெஷின் இறங்கிடுச்சு. ரத்தம் போயி... அங்கேயே முடிஞ்சுடுச்சு."

"எத்தனை மணிக்கும்மா?"

சொன்னாள். அந்த ஊர் நேரத்தை எங்கள் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். 1.40. வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னால்.

ஒரு நிமிஷம் லேட்டானாலும் என்று சொன்ன என் வாயை என்ன செய்வது? பாவி, நான்தானே அவனை அப்படி ஓட வைத்தேன்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கையில நீல கிளவுஸ் போட்டிருந்தானாம்மா? ஆள்காட்டி விரல் கிட்ட கிழிஞ்சு..."

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

"நான் வாங்கிக் குடுத்தது சார். உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன்தான் கேமராவே போட மாட்டானே..."